கைவேலை தெரிந்த துணையும் குதிரை லாயமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களிடம் மூன்று குதிரைகள் இருக்கின்றன. என் கணவருக்குத் தச்சு வேலை, பற்றவைப்பு, குழாய் வேலை எல்லாம் கைவந்தவை. கடையில் வாங்குவதைவிடத் தாமே செய்வதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. பழைய குளியல் தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியாக்கினார். லாரி டயரில் தீவனத் தொட்டி செய்தார். பி.வி.சி. குழாய்களை இணைத்து உலர்புல் போடும் தாங்கியும், லாயத்தின் கதவுகளுக்குப் புதுவகைத் தாழ்ப்பாள்களும் அமைத்தார். எல்லாம் பார்க்க நேர்த்தியாக உள்ளன. ஆனால் சிலவற்றைக் கண்டதும் எனக்கு மனம் பதறுகிறது. சொன்னால், செய்ததை எல்லாம் குறை சொல்கிறேன் என்று அவர் வருந்துகிறார். குதிரைகளோடு பழகியவள் நான், கருவிகளோடு பழகியவர் அவர். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: நேர்த்தியை வைத்து இவற்றை எடைபோட முடியாது என்பதுதான் உங்கள் இருவருக்கும் இடையே உள்ள சிக்கல். வீட்டுக்குச் செய்யும் அலமாரி, எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைத் தாங்கினால் போதும். குதிரைக்குச் செய்யும் பொருளோ, யாரும் எண்ணிப் பார்க்காத விதத்தில் பயன்படுத்தப்படும்போதும் தாங்க வேண்டும். ஆபத்து என்று தோன்றிய நொடியில் ஓடித் தப்புவதே குதிரையின் இயல்பு. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள அந்த விலங்கு, கால் எதிலாவது சிக்கிக்கொண்டால் நின்று யோசிக்காது. சிக்கியது பிய்ந்து வரும்வரை, அல்லது தன் கால் முறியும்வரை இழுக்கும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் பார்த்து, இதில் குளம்பு நுழையுமா, முகக்கயிறு மாட்டுமா, உடைந்தால் எப்படி உடையும், மென்றால் வயிற்றுக்குள் என்ன போகும் என்று கேட்டுப் பாருங்கள். இவை நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால், அந்தப் பொருள் எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும் இருக்கட்டும்.

குளியல் தொட்டியை நான் மறுக்க மாட்டேன். அடியில் இருக்கும் வடிகால் துளையால், தொட்டியைக் கவிழ்க்காமலேயே பாசியைத் தேய்த்துக் கழுவிவிட முடியும். விலைக்கு வாங்கும் பல தொட்டிகளில் இந்த வசதி இல்லை. ஆனால் அதன் விளிம்பு வெளிப்புறமாக மடிந்து, அடியில் கூரிய ஓரத்தோடு நிற்கும். மண்ணை முன்காலால் பறிக்கும் பழக்கமுள்ள குதிரை, காலைத் தூக்கும்போது முழங்காலை அந்த ஓரத்தில்தான் கிழித்துக்கொள்ளும். தொட்டியின் நான்கு பக்கமும் விளிம்பு மட்டம்வரை பலகை அடித்து மூடிவிட்டு, குழாய்த் தலைகளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். அடைப்பின் மூலையில் வைக்காமல் வேலியின் நடுப்பகுதியை ஒட்டி வையுங்கள். மூன்றில் எளிய குதிரையை மற்ற இரண்டும் மூலையில் மடக்கித் தண்ணீர் குடிக்கவிடாமல் செய்வதை இது பெருமளவு தவிர்க்கும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர்வரை குடிக்கும், வெயிலிலும் உழைப்பிலும் அந்த அளவு இரு மடங்காகவும் கூடும் என்பதால், தானாக நிரம்ப மிதவை வால்வு பொருத்துவது உங்கள் கணவருக்கு ஏற்ற அடுத்த வேலை. மிதவையின் மேல் மூடி கட்டாயம் வேண்டும். திறந்திருக்கும் மிதவையைக் குதிரைகள் விளையாட்டுப் பொருளாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

டயர் தொட்டியை எடுத்துவிடுங்கள். லாரி டயருக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கிறது. ரப்பர் தேயத் தேய அல்லது மெல்லப்பட மெல்லப்பட அந்தக் கம்பி முனைகள் வெளியே வரும், தீவனத்தோடு உள்ளேயும் போகும். லாடம் கட்டிய குதிரை டயரின் நடுத்துளைக்குள் காலை வைத்துவிட்டால், வெளியே எடுக்கும்போது லாடத்தின் குதிகால் பகுதி டயரின் உள்மடிப்பில் மாட்டிக்கொள்ளும்.

பி.வி.சி. தாங்கியைப் பொறுத்தவரை, பொருளில் குறையில்லை, இருக்கும் இடம்தான் தவறு. வெயில் பட்டு இறுகிய குழாய், உதை விழுந்தால் வளையாது. கூரிய சில்லுகளாகத் தெறிக்கும். மேலும், புல்லை உயரத்தில் வைத்தால் தூசியும் விதைகளும் கண்ணிலும் மூக்கிலும் விழும். தலையைத் தாழ்த்தித் தின்பதே குதிரையின் உடலமைப்புக்குப் பொருந்தியது. மூச்சுப் பாதையில் சேரும் சளியும் தூசியும் அப்போதுதான் தாமாக வடியும். தரையோடு சுவரில் போல்ட் போட்டு நிறுத்திய, மூலைகள் உருட்டப்பட்ட ஒரு மரப்பெட்டி இந்த வேலைக்குப் போதுமானது. குதிரைகள் மெதுவாகத் தின்ன வேண்டுமென்று பெட்டிக்குள் சிறுகண் வலையை விரிப்பவர்கள் உண்டு. லாடம் இல்லாத குதிரைகளுக்கு அது நல்ல ஏற்பாடு. லாடம் கட்டியவற்றுக்கு, குளம்பு உள்ளே எட்டாத அளவு பெட்டியின் சுவர் உயரமாக இல்லாவிட்டால் வலை வேண்டாம்.

அந்தக் குழாய்களை வீணாக்க வேண்டியதில்லை. குதிரைகள் நுழையாத சாமான் அறையில் அவற்றுக்கு நிறைய வேலை இருக்கிறது. நான்கு அங்குலக் குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சுவரில் பதித்தால், கடிவாளம் மாட்டுவதற்கு அதைவிடச் சிறந்த கொக்கி கிடையாது. ஆணியில் தொங்கும் கடிவாளத்தின் தலைவார் ஒரே இடத்தில் மடிந்து வெடித்துப்போகும். உருண்ட தாங்கியில் அது குதிரையின் தலையில் இருப்பதுபோலவே வளைந்து கிடக்கும். சேணத்துக்கும் அதேபோல் குழாய்ச் சட்டம் செய்யலாம். பொதுவாகவே, குதிரை தொடாத இடங்களில் உங்கள் கணவருக்கு முழு உரிமை கொடுத்துவிடுங்கள். அங்கே அவருடைய கற்பனை யாரையும் காயப்படுத்தாது.

தாழ்ப்பாள்களை நான் பார்க்கவில்லை. ஆனால் சோதிக்கும் வழியைச் சொல்ல முடியும். குதிரையின் மேலுதடு ஏறத்தாழ ஒரு விரலைப் போல வேலை செய்யும். நெம்பித் தூக்கும் கொண்டியையும், பக்கவாட்டில் நகரும் தாழையும் அது சில நாள்களில் கற்றுக்கொள்ளும். ஆகவே மேல் தாழ் எதுவானாலும், கதவின் அடியில் காலால் தள்ளித் திறக்கும் இரண்டாவது தாழ் ஒன்று இருக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது தாழின் எந்தப் பகுதியும் வழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெளியேறும் குதிரையின் இடுப்பெலும்பு அந்த நுனியில் மோதினால், அதற்குப் பிறகு அந்தக் கதவைக் கடக்க ஒவ்வொரு முறையும் அது பாய்ந்தே ஓடும். கதவின் அகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. ஒரு கையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா என்று நீங்களே முயன்று பாருங்கள். பட்டறை மேசையில் வைத்துச் செய்யப்படும் தாழ்ப்பாள்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

அவருடைய வருத்தத்துக்கு வருகிறேன். முடிந்த பொருளின் முன்னால் நின்று சொல்லப்படும் எந்தத் திருத்தமும், செய்தவரின் காதில் குறையாகத்தான் விழும். அடுத்த முறை, அவர் அளவு எடுப்பதற்கு முன்பே குதிரையின் நிபந்தனைகளை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: நீட்டல் இருக்கக் கூடாது, இந்த உயரத்துக்குக் கீழே இடைவெளி கூடாது, இழுத்தால் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது போல. கைவேலைக்காரர்கள் கடினமான நிபந்தனைகளை வெறுப்பதில்லை. அவற்றைத் தீர்ப்பதில்தான் அவர்களுக்குச் சுவையே. குதிரைகளுக்கு அழகைப் பற்றிய கருத்து எதுவும் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: குதிரைகள் என் மனைவியுடையவை, வேலி போடும் பொறுப்பு என்னுடையது. பலகைகளைத் தூணின் வெளிப்பக்கம் அடித்தால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. உட்பக்கம்தான் அடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார். கையில் இருக்கும் முள்கம்பியையும் பழைய ரயில் கட்டைகளையும் பயன்படுத்தலாமா?

பதில்: பலகை விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது சரி. குதிரை வேலியில் சாயும், உடலைத் தேய்க்கும், அப்பால் இருக்கும் புல்லுக்காக நெஞ்சால் தள்ளும். பலகை குதிரை நிற்கும் பக்கத்தில் இருந்தால், அந்தத் தள்ளல் ஒவ்வொன்றும் பலகையைத் தூணோடு மேலும் இறுக்கும். வெளிப்பக்கம் இருந்தால், ஒவ்வொரு தள்ளலும் ஆணியைச் சிறிது சிறிதாகப் பிடுங்கும். உட்பக்கப் பலகைக்கு இன்னொரு பயனும் உண்டு: வேலியோரமாக ஓடும் குதிரையின் தோளும் முழங்காலும் தூண்களில் இடிக்காமல் வழுக்கிச் செல்லும்.

முள்கம்பி எந்த நிலையிலும் வேண்டாம். குதிரையின் தோல் மெல்லியது. கம்பியில் மாட்டினால் அது நிற்காமல் இழுப்பதால், கீறலாக முடிய வேண்டியது தசைநாண்வரை வெட்டுக்காயமாகிவிடும். வலை வேலி போடுவதானால் கண்ணின் அளவு 2 அங்குலத்துக்கு 4 அங்குலத்தைத் தாண்டாத நெருக்கமான வலையைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் ஒரு பலகையை ஓட விடுங்கள். அந்தப் பலகை வலுவுக்காக மட்டுமல்ல. ஓடிவரும் குதிரைக்கு வேலி தொலைவிலேயே கண்ணில் பட வேண்டும். வேலியின் உயரம் நான்கரை முதல் ஐந்து அடி இருந்தால் பெரும்பாலான குதிரைகளுக்குப் போதும்.

ரயில் கட்டைகளில், மரம் உளுத்துப்போகாமல் இருக்கச் சேர்க்கும் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். மரத்தைக் கடிப்பது குதிரைகளின் வழக்கம் என்பதால், அது நேராக வயிற்றுக்குள் போகும். தோலில் பட்டாலும் எரிச்சல் தரும். ஆர்சனிக் கலந்த மருந்தில் பதப்படுத்திய பழைய மரத்துக்கும், ஈயம் கலந்த பழைய பெயிண்ட் பூசிய பலகைக்கும் இதே பதில்தான்.

மின்வேலி பற்றி நீங்கள் கேட்கவில்லை. கைவேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் துணிந்து விபரீதம் செய்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைப்பது குதிரையையும் மனிதரையும் கொல்லும். மின்வேலிக்கென்றே செய்யப்பட்ட கருவி, நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் மிகக் குறுகிய துடிப்புகளாக மட்டுமே மின்சாரத்தை அனுப்பும். அதை வாங்கத்தான் வேண்டும், செய்யக் கூடாது. வேலி சரியாக அதிர்ச்சி தரவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குறைவான புவியிணைப்பு (எர்த்திங்). ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய கம்பிகள் குறைந்தது மூன்றை, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி ஈரமான மண்ணில் இறக்குங்கள். மெல்லிய கம்பிக்குப் பதிலாக அகலமான நாடாவைப் பயன்படுத்தினால் குதிரைகளின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: கோடையில் குதிரைகள் தவிக்கின்றன என்று என் கணவர் லாயத்தில் வீட்டு மின்விசிறிகளைக் கட்டி, நீட்டிப்புக் கம்பி வழியாக மின்சாரம் கொடுத்திருக்கிறார். நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனாலும் கேட்கத் தோன்றியது.

பதில்: இன்றே கழற்றிவிடுங்கள். வீட்டு மின்விசிறியின் மோட்டார் மூடப்பட்டதல்ல. லாயத்தின் காற்றில் எப்போதும் மிதக்கும் உலர்புல் தூசி அதற்குள் படிந்து, சூடேறி, தீப்பற்ற வழி செய்கிறது. கீழே உலர்ந்த கூளம், மேலே மரக்கூரை, கதவுகளுக்குப் பின்னால் பூட்டிய விலங்குகள். லாயத்தில் பிடித்த தீ சில நிமிடங்களில் கைமீறிப் போகும். விசிறி கட்டாயம் வேண்டுமென்றால், தூசி புகாதபடி மூடிய மோட்டார் கொண்ட, பண்ணைப் பயன்பாட்டுக்கான விசிறியை வாங்குங்கள். நீட்டிப்புக் கம்பியை நிலையான இணைப்பாக்காதீர்கள். கம்பிகள் எல்லாம் எலி கடிக்காத குழாய்க்குள், குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் ஓட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சாதனமும் இருக்க வேண்டும். ஈரத் தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கும் குதிரையை, மனிதர் உணராத சிறு கசிவும் தாக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுமாறு உங்கள் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம், இதில் வேண்டாம்.

அவர் கைக்கு வேலை வேண்டுமென்றால் கூரையைக் காட்டுங்கள். சூடான காற்று மேலேறும் தன்மையுடையது. கூரை முகட்டில் நீளவாக்கில் ஒரு திறப்பும், சுவர் கூரையைத் தொடும் இடத்தில் தொடர்ச்சியான இடைவெளியும் இருந்தால், சூடும் ஈரமும் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் தாமாக வெளியேறும். லாயத்துக்குள் நுழைந்ததும் உங்கள் மூக்கில் அம்மோனியா ஏறினால், தரைக்கு அருகே மூக்கை வைத்துப் படுத்திருக்கும் குதிரைக்கு அது பலமடங்கு அதிகம் என்று கொள்ளுங்கள். தீயைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்று: உலர்புல்லின் பெரும் இருப்பை லாயத்தின் பரணில் வைக்காமல் தனிக் கொட்டகையில் வைப்பது நல்லது. ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டிய புல்லைக் கட்டி அடுக்கினால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறி, எந்தப் பொறியும் இல்லாமலே அது பற்றிக்கொள்ளக்கூடும்.

கேள்வி: என் கணவரின் தச்சுப் பட்டறையில் மூட்டை மூட்டையாக மரச்சீவல் விழுகிறது. அதையே குதிரைகளுக்குப் படுக்கையாகப் போட்டால் செலவு மிச்சமாகுமே?

பதில்: எந்த மரம் இழைக்கப்பட்டது என்று மூட்டைக்கு மூட்டை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடலாம். கருப்பு வால்நட் மரத்தின் சீவல் கலந்த படுக்கையில் நின்றாலே போதும், ஒரு நாளுக்குள் குதிரைக்குக் குளம்பின் உட்புறத் தகடுகள் அழற்சியுற்று, கால் ஊன்ற முடியாத நிலை வரலாம். ஒட்டுப்பலகை, பதப்படுத்திய மரம், பாலிஷ் அடித்த பழைய மரச்சாமான் ஆகியவற்றின் தூளும் ஆகாது. நல்ல மரமாகவே இருந்தாலும், ரம்பத்தடியில் விழும் மாவு போன்ற தூள் மூச்சுக்குக் கெடுதல். இழைப்புளியில் வரும் சுருள் சீவல்தான் வேண்டும். பல மரங்களையும் ஒன்றாக இழைக்கும் பட்டறையில் இவற்றைப் பிரித்து வைப்பது நடவாத காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பைன் மரத்தை மட்டும் இழைக்கும் நாள்களில் தனி மூட்டை பிடித்து வைக்க அவர் ஒப்புக்கொண்டால் சரி.

கேள்வி: எங்கள் வீட்டில் கருவி பிடிப்பவள் நான், குதிரை ஏறுபவர் கணவர். லத்தி மலைபோல் குவிகிறது. பழைய மரச் சரக்குத் தட்டுகளைக் (பேலட்) கொண்டு உரத்தொட்டி கட்டலாம் என்றிருக்கிறேன். அவருக்கு ஏறிக்கொள்ள ஒரு படிமேடையும் வேண்டுமாம்.

பதில்: உரத்தொட்டியை உடனே தொடங்குங்கள், குதிரை வைத்திருக்கும் இடத்தில் கையால் செய்யக்கூடியவற்றுள் இதைவிடப் பலன் தருவது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ லத்தி போடும். அதோடு நனைந்த கூளமும் சேரும். சரக்குத் தட்டுகளை நிமிர்த்தி இணைத்து அடுத்தடுத்து மூன்று அறைகள் கட்டுங்கள்: ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், ஒன்று வெந்துகொண்டிருக்கும், ஒன்று தோட்டத்துக்குப் போகத் தயாராக இருக்கும். ஒவ்வோர் அறையும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது; அதைவிடச் சிறிய குவியல் சூட்டைப் பிடித்துவைக்காது. குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ்வரை ஏறிச் சில நாள்கள் அப்படியே நின்றால்தான் குடற்புழு முட்டைகளும் களைவிதைகளும் சாகும். ஓரத்தில் இருப்பது அந்தச் சூட்டைக் காணாது என்பதால், கிளறி வெளிப்பகுதியை உள்ளே தள்ள வேண்டும். பிடித்துப் பிழிந்தால் கையில் ஈரம் படிய வேண்டும், சொட்டக் கூடாது. மரச்சீவல் படுக்கை கலந்திருந்தால் மட்கும் வேகம் குறையும். பச்சைப் புல்லோ சமையலறைக் காய்த்தோலோ சேர்த்தால் ஈடுசெய்யலாம். மழைக்கு மேல்மூடி போடுங்கள், கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி வையுங்கள். முன்பக்கத் தட்டுகளைக் கழற்றி எடுக்கும்படி செய்தால் தள்ளுவண்டி உள்ளேயே வரும்.

படிமேடைக்கு நீளமாக விளக்கத் தேவையில்லை. அடி அகலமாகவும், பக்கங்கள் பலகையால் மூடப்பட்டும், மேல்தட்டில் இரண்டு காலும் தாராளமாக வைக்கும் இடத்தோடும் இருந்தால் போதும். பக்கங்கள் திறந்த ஏணிபோல் இருந்தால் குதிரை விலகும்போது அதன் கால் உள்ளே போய்விடும். கைப்பிடி வைக்காதீர்கள், அங்கவடி அதில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: மழைக்காலத்தில் கேட் அருகே முழங்கால் சேறு. என் மனைவி லாரி லாரியாகச் ஜல்லி கொட்டுகிறார், அதுவும் சேற்றோடு மறைந்துபோகிறது.

பதில்: சேற்றின் மேல் கொட்டிய ஜல்லி அடியில் இறங்கத்தான் செய்யும். லாயக் கூரையிலிருந்து வழியும் மழைநீர் அந்தப் பக்கம்தான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கூரையோரத்தில் வடிகாலைப் பொருத்தி நீரைத் திசைதிருப்பினாலே பாதிச் சேறு குறைந்துவிடுவதுண்டு. பிறகு சேற்று மண்ணைக் கெட்டியான தரைவரை வழித்தெடுத்து, சாலைப் பணியில் பயன்படும் மண்பிரிப்புத் துணியை விரித்து, அதன் மேல் பெருஜல்லி, அதற்கும் மேல் நொறுக்கிய கல்தூள் என்று இறுக்கிப் போடச் சொல்லுங்கள். ஜல்லியை மண்ணுக்குள் இறங்க விடாமல் தாங்குவது அந்தத் துணிதான். பெருஜல்லி மேலே தெரியும்படி விட்டால் குளம்பின் அடிப்பாகம் கன்றிப்போகும்.

கேள்வி: ஓயாமல் எதையாவது கட்டிக்கொண்டிருக்கும் என் கணவருக்கு ஒரு கருவி பரிசளிக்க விரும்புகிறேன். குதிரைகளுக்கும் பயன்படும்படியாக எதை வாங்கலாம்?

பதில்: சக்கரம் வைத்துத் தரையில் தள்ளிச் செல்லும் காந்தப் பட்டையை வாங்கிக் கொடுங்கள். பழுது பார்த்த வேலியடியிலும், பலகை மாற்றிய லாயத்திலும், லாடம் கட்டிய இடத்திலும் வேலை முடிந்ததும் ஒருமுறை தள்ளினால், கண்ணில் படாத ஆணிகளையும் திருகாணிகளையும் அது எடுத்துவிடும். குளம்பின் அடியில் மென்மையாக இருக்கும் முக்கோணப் பகுதியில் ஆணி ஏறினால், அதற்கு மேலே இருக்கும் எலும்பையும் அதைச் சூழ்ந்த நீர்ப்பையையும் எட்டிச் சீழ் பிடிக்க வைக்கும். அப்படி ஏறியிருப்பதைக் கண்டால் பதறிப் பிடுங்கிவிடாதீர்கள். ஆணி இருக்கும்போதே எக்ஸ்-ரே எடுத்தால்தான் எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கால்நடை மருத்துவருக்குத் தெரியும். குதிரையை அசையாமல் நிறுத்தி, ஆணி மேலும் அழுந்தாதபடி அதைச் சுற்றித் தடித்த துணியோ மரத்துண்டோ கட்டி வைத்து, மருத்துவரை அழையுங்கள். பிடுங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், ஏறிய இடத்தைக் குறித்து வைத்து, ஆணியையும் தூக்கி எறியாமல் அவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் விலங்கு குதிரை என்பதால், கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்பதையும் அவர் கேட்பார். அந்தத் தேதியை லாயத்தின் கதவிலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.